பதினொரு நாள்

இந்த நோட்டு ஆலையின் சொத்து.
நான் திருடியது.
தொண்ணூற்றேழு அக்டோபரில் கேட்டுக்குச் சங்கிலி போட்ட அன்று
சிட்டெங்கே துணிக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.
எத்தனை மாசம் என்றான் காவலாளி.
ஏழு என்றேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்.
சேர்ந்த தேதி, கடைசிச் சம்பளம்,
வருஷத்துக்கு மூன்று மாதம் என்று போட்டுக்
கம்பெனி தர வேண்டிய இறுதிப் பணம்.
லாபம் இருந்தபோது அரசுக்கு அறுபது பங்கு,
லண்டனில் யாருக்கோ நாற்பது.
கடனில் மட்டும் யாருக்கும் பங்கில்லை.

கடைசி மூன்று மாதச் சம்பளத்தைப் போர்வையாகத் தந்தார்கள்.
இண்டோலாவில் அக்டோபர் எப்படிக் கொதிக்கும் என்று
வந்து பார்த்தால்தான் தெரியும்.
தெருவுக்குத் தெரு போர்வை.
வாங்க ஓர் ஆளில்லை.

வழக்கில் ஜெயித்தோம்.
இரண்டு தடவை.
முதல் தடவை லுபுட்டோவில் கோழி அடித்தோம், கடனுக்கு.
கலைப்பு அதிகாரி ஒருவர் வந்தார்,
தறிகளை எடைக்குப் போட்டுத் தன் சம்பளத்தை எடுத்துக்கொண்டார்.
அடுத்தவர் வந்தபோது
எடுக்க ஒன்றுமில்லை என்று எங்களிடமே வருத்தப்பட்டார்.

செத்தவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன்.
சிலுவை போட்டால் கட்டம் கொள்ளாது.
முந்நூற்றுப் பதினெட்டுப் புள்ளி, நேற்று வரை.
என் பெயர் நானூற்று நாலாவது.
அந்தப் பக்கத்தை நான் திருப்புவதில்லை.

பதின்மூன்றாம் வருஷம் அரசாங்கம்
குவாச்சாவில் மூன்று சுழியை வெட்டியது.
ரொட்டிக்கும் வெட்டினார்கள், பஸ்ஸுக்கும் வெட்டினார்கள்,
குறை சொல்ல முடியாது.
ஆனால் ரொட்டி மறுமாதமே வளரத் தொடங்கிவிட்டது.
நோட்டுக்குள் இருப்பவர்கள் வளரவில்லை.
வெட்சன் லோம்பே, சாயப் பிரிவு, பத்தொன்பது வருஷம்,
ஐம்பத்தொரு லட்சத்து எண்பத்தேழாயிரம்
ஐயாயிரத்து நூற்று எண்பத்தேழு ஆனது.
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
எக்சில்டா, வெட்டின சுழியையெல்லாம்
எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

போன வாரம் அவர் மகன் வந்தான். ஃபேன்வெல்.
ஆலை மூடின வருஷம் பிறந்தவன்.
அப்பாவை அந்தப் போர்வையில்தான் சுற்றினோம் என்றான்,
சாயம் இன்னும் போகவில்லை என்றான்,
பெருமையாகவா கோபமாகவா தெரியவில்லை.
பிறகு குரலைத் தாழ்த்தினான்.
அமைச்சகத்தில் மறுபடி பட்டியல் கேட்கிறார்களாம்.
பத்தொன்பதை இருபத்தொன்பது ஆக்க
ஒரே ஒரு இலக்கம், அம்மா.
யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

யாரும் இல்லை. நான்தான்.

பக்கத்தைத் திருப்பினேன்.
மூடுவதற்கு முந்தின மார்ச்சில் சிவப்பு மையில் ஒரு வரி:
பதினொரு நாள், சம்பளமில்லா விடுப்பு.
விடுப்பில்லை. சாயத் தொட்டி பொங்கி
இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.
மேலாளர் சொல்லி எழுதினேன் எனலாம்.
சொன்னார்தான்.
கையெழுத்து என்னுடையது.

நாள் கூலி மூவாயிரத்து ஐந்நூறு, பதினொன்றால் பெருக்கி,
சுழி மூன்றை அடித்தால்
முப்பத்தெட்டு குவாச்சா ஐம்பது ங்வீ.
தக்காளி விற்ற டப்பாவைத் திறந்தேன்.
ஓர் இருபது, ஒரு பத்து, ஓர் ஐந்து, ஓர் இரண்டு,
ஒரு குவாச்சா நாணயம்,
அடியில் தேடி எடுத்த அரை நாணயம்.
வட்டி போடவில்லை.
போட்டிருந்தால் டப்பாவோடு கொடுக்க வேண்டியிருக்கும்.

சிரிப்பான் என்று நினைத்தேன்.
இது எதற்கு என்றான். சொன்னேன்.
வெகுநேரம் அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அப்பா கையை எப்போதும் பைக்குள்ளேயே வைத்திருப்பார் என்றான்.
பேனா கேட்டான்.

பெற்றுக்கொண்டேன் என்று ஒரு பத்தி உண்டு நோட்டில்.
கோடு போட்டு, தலைப்பு எழுதி,
இத்தனை வருஷம் வெறுமையாகவே வைத்திருந்தேன்.
அதில் முதல் கையெழுத்து.
மை கொஞ்சம் இழுபட்டுவிட்டது.

பத்தொன்பது பத்தொன்பதாகவே இருக்கிறது.
வாசல் வரை போனவன் திரும்பி வந்து
ஐந்து குவாச்சாவுக்குத் தக்காளி கேட்டான்.
பேரம் பேசினான்.
நாலுக்குக் கொடுத்தேன்.